மிதிவண்டிக் கொட்டகை

சிங்கப்பூரில் அமைந்திருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் 1958 வரை வரலாற்றுத் துறையின் இராபிள்ஸ் பேராசிரியராக விளங்கியவர் சி. நார்த்கோட் பார்க்கின்சன். கடற்படை வரலாற்றிலும், மலாயாவில் ஆங்கிலேயர் தலையிட்ட வரலாற்றிலும் தோய்ந்த அறிஞர் அவர். ஆயினும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஆய்வுகளுக்காக அன்று. 1955 நவம்பரில் 'எக்கானமிஸ்ட்' இதழில் வெளிவந்த ஒரு நையாண்டிக் கட்டுரையும், 1957இல் அது விரிந்து உருவான 'பார்க்கின்சன் விதி' என்னும் சிறு நூலுமே அவர் பெயரை நிலைநாட்டின.

அந்நூலில் ஒரு நிதிக்குழுக் கூட்டம் வருகிறது. முதலில் அணு உலை ஒன்றின் திட்டம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மதிப்பீடு ஒரு கோடி பவுன். உறுப்பினர் பெரும்பாலார்க்கு அணு உலை இன்னதென்றே தெரியாது. தெரியாததை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. இரண்டரை நிமிடத்தில் இசைவு கிடைத்துவிடுகிறது. அடுத்து எழுத்தர்களுக்கான மிதிவண்டிக் கொட்டகை. மதிப்பீடு 350 பவுன். இப்போது அனைவருக்கும் வாய் திறக்கிறது. கூரைக்கு அலுமினியத் தகடா, கல்நார்த் தகடா, துத்தநாகம் பூசிய இரும்பா என்று முக்கால் மணி நேரம் வாதிட்டு, ஏறத்தாழ 50 பவுன் மிச்சப்படுத்திய மனநிறைவோடு உறுப்பினர்கள் சாய்ந்து அமர்கின்றனர்.

படித்தோர் சிரித்தனர்; சிரிக்கத்தக்கதுதான். ஆனால் அக்காட்சியில் எளிதில் கண்ணுக்குப் படாத ஓர் இடம் உண்டு. வாதத்தின் நடுவே ஓர் உறுப்பினர், இக்கொட்டகையே தேவைதானா, ஊழியர்க்கு எவ்வளவு செய்தாலும் நிறைவு ஏது, அடுத்து அவர்கள் கார்க் கொட்டில் கேட்பார்கள் என்ற கருத்தில் பேசுகிறார். கூரையைப் பற்றி அத்தனை பேர் பேசினரே தவிர, அதன் கீழ் வண்டியை நிறுத்தப் போகும் எழுத்தரை அழைத்து ஒரு சொல் கேட்டவர் அக்குழுவில் எவருமில்லை. நூல் புகழ்பெற்றபின் 'மிதிவண்டிக் கொட்டகை' என்பது அற்பப் பொருளுக்கே மறுபெயராகிவிட்டது. நாள்தோறும் மிதித்து வருபவனுக்கு அது அற்பம்தானா?

இந்நாட்டு வெயிலையும் மழையையும் அறிந்தவர் இவ்வினாவைத் தள்ளிவிட மாட்டார். காலை ஏழு மணிக்கே உடல் வியர்க்கும் மண் இது. ஐந்தாறு கல் மிதித்து வரும் எழுத்தரோ ஆசிரியரோ முகம் கழுவி, சட்டை மாற்றி வேலையில் அமர வேண்டும். அதற்கு நீரும் மறைவிடமும் வேண்டும். பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டியின் டயர் வெடிப்புக் காணும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தோல் இருக்கை ஊறித் தொய்யும். சங்கிலியும் சக்கர வளையமும் துருவேறும். மேலதிகாரியின் நிலையோ வேறு. ஆங்கிலேயர் எழுப்பிய அலுவலகங்களின் முகப்புகளை நோக்குக. குதிரை வண்டியிலிருந்து இறங்குவோர்மீது ஒரு துளி மழையும் படாதவாறு தூண்கள் நிறுத்திக் கூரை வேய்ந்த முகப்பு பலவற்றில் உண்டு. பின்னாளில் அதே கூரையின்கீழ் மோட்டார் கார் வந்து நின்றது. மிதிவண்டிக்கு வாய்த்தது பெரும்பாலும் மரநிழல் அல்லது சுவரோரம். நகரத்துக் கடைச் சிப்பந்திக்கு ஐந்தடி. அந்த ஐந்தடியும், 1822இல் இராபிள்ஸ் நகர அமைப்பை வகுத்தபோது நடந்து செல்வோர்க்கென ஒதுக்கியது. வண்டி நிறுத்த அன்று.

இத்தனைக்கும் மலாயாவின் செல்வத்துக்கும் மிதிவண்டிக்கும் உறவு பழையது. 1877இல் 22 இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தபோது அவற்றைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் அவர் அதைப் பொருத்தியது தம் மகனின் மூன்று சக்கர வண்டியில். அதே ஆண்டு ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்று, மரத்தைச் சாகவிடாது சீவிப் பால் எடுக்கும் முறையைப் பின்னர் வகுத்தார். கார்கள் பெருகுமுன், 1890களில், டயருக்காக இரப்பர் கேட்டது மிதிவண்டியே. தேவை வளர்ந்தது, தோட்டங்கள் பரந்தன, மரம் சீவத் தமிழர்கள் கப்பலேறினர்.

செம்பவாங் கடற்படைத் தளத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1928இல் அங்கு மிதக்கும் கப்பல்துறை வந்து சேர்ந்தது. 1938 பிப்ரவரி 14இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர்துறை திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக அங்கு உழைத்தனர். அவர்களுள் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றோர் பலர். இங்கே ஒரு வேடிக்கை. பார்க்கின்சன் தம் விதிக்குச் சான்றாகக் காட்டியது பிரிட்டிஷ் கடற்படை நிருவாகத்தையே. 1914இல் 62ஆக இருந்த பெரும் போர்க்கப்பல்கள் 1928இல் 20ஆகக் குறைந்தன. தலைமையக அலுவலர் தொகையோ 2,000த்திலிருந்து 3,569ஆக உயர்ந்தது. அலுவலர்க்கு மேல் அலுவலர் சேர்க்கத் தயங்காத அதே அமைப்புமுறைதான், எழுத்தரின் கொட்டகைக்கு வரும்போது ஒவ்வொரு பவுனையும் எண்ணுகிறது.

1968 சனவரியில் பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறும் முடிவை அறிவித்தது. அவ்வாண்டிலேயே கப்பல் பட்டறை சிங்கப்பூரின் கைக்கு வந்தது. பின்னர் மோட்டார் சைக்கிளும் பேருந்தும் வசதியான வீட்டார்க்குக் காரும் பெருகவே, மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோர் குறைந்தனர். புதிய கட்டடங்களில் கார் நிறுத்தக் கீழ்த்தளங்கள் தோண்டப்பட்டன. மிதிவண்டியை நினைக்கக் காலம் பிடித்தது. 2016 சூலை முதல்தான் சிங்கப்பூரில் அலுவலகம், கடைத்தொகுதி, பள்ளி போன்ற புதிய கட்டடங்களின் திட்டத்தோடு நடப்போர்க்கும் மிதிவண்டியில் வருவோர்க்குமான ஏற்பாடுகளையும் காட்ட வேண்டுமென வகுக்கப்பட்டது. மிதிவண்டி நிறுத்துமிடம் மட்டுமன்றி, குளியலறையும் உடைமைப் பெட்டகமும் பேச்சில் இடம்பெறலாயின.

விதி புதிய கட்டடங்களுக்கு. பழையவை பலவாக நிற்கின்றன. தொழிற்பேட்டைச் சாலைகளில், தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் விடியற்காலையில் மிதித்துச் செல்வதைக் காணலாம். வேலி ஓரத்தில் அவர்கள் வண்டிகள் கம்பியோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டப்பட்டிருக்கும். மழைக்கு அஞ்சி ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு நெகிழிப்பை கட்டப்பட்டிருக்கும்.