யாருடைய கடிகாரம்?

நண்பர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தார். குரலில் பதற்றம். 'சார், அப்பா ரெக்கார்டிங்ல டிக் டிக்னு சத்தம் வருது. சி.டி. போயிடுச்சு போலிருக்கு!'

அவருடைய அப்பா வயலின் வித்வான். பெரிய பெயரெல்லாம் இல்லை. கோயில் கச்சேரி, கல்யாணக் கச்சேரி என்று வாசித்து வாழ்ந்து முடித்தவர். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேசட். 2003-ல் அதை சி.டி.க்கு மாற்றினார்கள். அப்புறம் கேசட் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. ஆக, அந்த வயலின் இன்று உலகத்தில் இருப்பது அந்த ஒரே தட்டில்தான். பதறத்தானே செய்வார்?

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி. அதன் பெயர் 'டாக்' (நாய் இல்லை!). டிஜிட்டல் எண்களை மின் அலையாக மாற்றும் கருவி. உங்கள் கம்ப்யூட்டருக்குள் பாட்டு என்று எதுவும் கிடையாது, வெறும் எண்கள்தான். அவற்றை அலையாக்க உள்ளேயே ஒரு குட்டி சிப் இருக்கிறது. ஆனால் ஃபேன், பவர் சப்ளை என்று இரைச்சலான அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் சிப் அது. அதனால் எண்களை அப்படியே வெளியே அனுப்பி, அமைதியான தனிப் பெட்டியில் மாற்றிக்கொள்கிறார்கள் இசைப் பிரியர்கள். நண்பர் வாங்கியது ஒலிப்பதிவுக் கூடத்தில் உழைத்து ஓய்ந்த செகண்ட் ஹேண்ட் சரக்கு. கம்ப்யூட்டரிலிருந்து ஆப்டிகல் கேபிள் போட்டிருந்தார்.

டிக்... ஓரிரு விநாடி கழித்து மறுபடி டிக். சொல்லி வைத்தாற்போல அதே இடைவெளி. கீறல் விழுந்த சி.டி. இத்தனை ஒழுங்காக அழாது. எனக்கு 1943 ஞாபகம் வந்தது.

இரண்டாம் உலகப்போர் நேரம். வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் ரகசியமாகப் பேசிக்கொள்ள அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 'சிக்சாலி' என்று ஒரு இயந்திரம் செய்தது. ஒரு முனைக்கு மட்டும் சுமார் 50 டன் எடை! லண்டன் முனையை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் அடித்தளத்தில். மேலே கவுன் வியாபாரம். கீழே உலக யுத்தம். பேச்சை விநாடிக்கு 50 தடவை அளந்து எண்களாக்கி, அவற்றோடு தாறுமாறான வேறு எண்களைக் கூட்டி அனுப்பினார்கள். குரலை எண்ணாக்கலாம் என்ற யோசனை 1937-ல் பாரிஸில் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. அன்றைக்கு அதைச் செய்துகாட்டக் கட்டுப்படியாகும் கருவிதான் இல்லை.

அந்தத் தாறுமாறு எண்கள் கிராமபோன் தட்டில் பதிவாகியிருக்கும். மொத்தம் இரண்டே பிரதி. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அங்கே கூட்டியதை இங்கே கழித்தால் பேச்சு கிடைக்கும். ஒரு முறை வாசித்ததும் தட்டை அழித்துவிட வேண்டும். இதில் உயிர்நிலை எது என்றால், அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தட்டுகளும் ஒரே வேகத்தில், ஒரே கணக்கில் சுற்றியாக வேண்டும். விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலும் ஜனாதிபதியின் பேச்சு கரகரப்பாகிவிடும். அதற்காகவே இரு ஊரிலும் மகா துல்லியமான கடிகாரங்கள் வைத்தார்கள். எண்ணாக்கப்பட்ட ஒலிக்குப் பிறந்த நாளிலிருந்தே இதுதான் தலைவலி... யாருடைய கடிகாரம்?

நண்பரின் மேஜையிலும் அதே வியாதிதான். கம்ப்யூட்டர் தன் கடிகாரப்படி எண்களை அனுப்புகிறது. பெட்டி தன் கடிகாரப்படி வாங்குகிறது. இரண்டும் விநாடிக்கு 48,000 என்றுதான் சத்தியம் செய்கின்றன. ஆனால் இரண்டு குவார்ட்ஸ் கடிகாரங்கள் அச்சு அசலாக ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை. பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே போதும். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு எண் மிஞ்சும், அல்லது குறையும். அந்த இடத்தில்தான் டிக்!

பெட்டியின் பின்புறம் ஒரு சின்ன ஸ்விட்ச். 'இன்டர்னல்' என்பதில் இருந்தது. ஸ்டூடியோவில் அந்தப் பெட்டிதான் எஜமானன். மற்றதெல்லாம் அதைப் பார்த்து நடக்கும். இங்கே அது வேலைக்காரன். ஆப்டிகல் கேபிளில் எண்களோடு கடிகாரத் துடிப்பும் சேர்ந்தே வருகிறது. சோனியும் பிலிப்ஸும் வகுத்த முறை அது. பெட்டி அதைக் கேட்டு நடந்தால் போதும். ஸ்விட்சை 'எக்ஸ்டர்னல்' பக்கம் தள்ளினேன். டிக் நின்றது. சி.டி.க்கு ஒன்றும் ஆகவில்லை. நண்பர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

யு.எஸ்.பி. வழியே இணைக்கும் இன்றைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த வம்பில்லை. 'அசிங்க்ரனஸ்' என்ற முறையில் பெட்டிதான் எஜமானன். 'கொஞ்சம் வேகமா அனுப்பு, கொஞ்சம் மெதுவா அனுப்பு' என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வாங்கும் உத்தேசம் இருந்தால் இதை விசாரித்து வாங்குங்கள். தங்கமுலாம் கேபிளுக்குச் செலவழிப்பதைவிட இது உருப்படியான செலவு.

இன்னொரு பாக்கி இருந்தது. சி.டி.யில் இருப்பது விநாடிக்கு 44,100 எண்கள். கம்ப்யூட்டர் அனுப்பியதோ 48,000. ஏன் இப்படி இரண்டு கணக்கு?

44,100 டி.வி.யிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? 1970-களின் கடைசியில் அத்தனை எண்களைப் பதிய வசதியான கருவி வீடியோ டேப் ரிக்கார்டர்தான். படத்துக்குப் பதில் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகப் பதிந்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய டி.வி. முறையில் விநாடிக்கு 60 அரைப்படம், ஒவ்வொன்றிலும் உபயோகமான 245 கோடு, கோட்டுக்கு 3 எண். பெருக்கிப் பாருங்கள், 44,100. ஐரோப்பிய முறையில் 50 அரைப்படம், 294 கோடு, அதே 3. அதுவும் 44,100! மனிதக் காதுக்கு எட்டுவது விநாடிக்கு சுமார் 20,000 அதிர்வு. அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணிதம். இந்த எண் அதற்கும் சரியாக இருந்தது. சி.டி.யும் அதையே எடுத்துக்கொண்டது. 1982 அக்டோபர் 1-ல் சோனியின் முதல் சி.டி. பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென்.

(தட்டு வந்த கதையிலேயே ஒரு குடும்பச் சண்டை உண்டு. எண்ணுக்கு 14 பிட் போதும் என்று பிலிப்ஸ் அதற்கான சிப்பைத் தயாரித்து வைத்திருந்தது. சோனி 16-தான் என்று பிடிவாதம். பிலிப்ஸ் விட்டுக்கொடுத்தது. ஆனால் சிப்பைத் தூக்கி எறியவில்லை. அதையே நாலு மடங்கு வேகத்தில் ஓட்டி, 16 பிட் தரத்தை வரவழைத்தார்கள். பழைய பிலிப்ஸ் பிளேயரை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.)

48,000 என்பது ஒலிபரப்பு, சினிமாக்காரர்களின் கணக்கு. படத்தின் 24, 25, 30 ஃபிரேம்களால் மீதியில்லாமல் வகுபடும். 1997-ல் இன்டெல் வகுத்த கம்ப்யூட்டர் ஒலி விதியும் அதையே எடுத்துக்கொண்டது. அதனால்தான் பல கம்ப்யூட்டர்களில் அதுவே முதல் ஏற்பாடாக இருக்கிறது. சி.டி. பாட்டைப் போட்டால் 147 எண்களை 160 எண்களாக நீட்டி அனுப்பும். இன்றைய கம்ப்யூட்டர்கள் இதைப் பெரும்பாலும் நன்றாகவே செய்கின்றன. பழையவை சில, சொதப்பும்.

மாற்றுவது சுலபம். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், சவுண்ட், உங்கள் பெட்டியின் ப்ராப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்டு. அங்கே 24 பிட், 44,100 என்று வையுங்கள். 'என்ஹான்ஸ்மென்ட்' என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற இடத்தில் இதே வேலை. முதலில் ஆம்ப்ளிஃபயரைத் தணித்துவிட்டு, கம்ப்யூட்டரின் வால்யூமை முழுசாக வைத்து, அப்புறம் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டுங்கள். வரிசையை மாற்றினால் ஸ்பீக்கர் அலறும். சினிமா பார்க்கும்போது மறுபடி 48,000.

நண்பர் மாற்றிப் போட்டுக் கேட்டார். 'அடேயப்பா, வில்லு சத்தம் இப்பதான் சார் தெளிவா கேக்குது' என்றார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சொல்லவில்லை.

அன்று ராத்திரியே அந்த சி.டி.யை ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இடத்தில் காப்பி எடுக்கச் சொன்னேன். எடுத்தார். மூன்றாவதாக ஒன்று, திருச்சியில் இருக்கும் தங்கைக்கு.