இரண்டு நிமிஷம்

தோற்றுப்போன நாட்டில் வாலிபனாக இருப்பது எவ்வளவு கொடுமை! 1919-ஆம் வருஷத்து ஜெர்மன் மாணவர்களின் நிலை அதுதான். வெர்சேல்ஸ் உடன்படிக்கையால் அவர்கள் நாட்டுக்கு விமானப் படை கூடாதென்றாயிற்று; எஞ்சின் பூட்டிய விமானம் கட்டுவதற்கும் தடை வந்தது. எஞ்சினே இல்லாத கிளைடரை மட்டும் அந்தத் தடை தொடவில்லை. காற்றுக்கு யார் பூட்டுப் போட முடியும்?

ஆஹென் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் 1920-இல் ஒரு சங்கம் சேர்ந்தார்கள். ஒருவர் மட்டும் உட்காரும் கிளைடர் ஒன்றைத் தாங்களே கட்டிப் பறக்க வேண்டும் என்று ஆசை. அவர்களுடைய பேராசிரியர் தியோடர் ஃபான் கார்மான், "போய்ப் பாடத்தைப் படியுங்கள்" என்று விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை, ஊக்கம் கொடுத்தார். அவருடைய உதவியாளர் வோல்ஃப்காங் கிளெம்பெரர் அமைப்பை வகுத்தார். பிறந்த குழந்தைக்குக் 'கறுப்புப் பிசாசு' என்று பெயர்!

வாஸர்குப்பே என்ற மலையில் அந்த ஆண்டுதான் முதல் கிளைடர் போட்டி. விளையாட்டல்ல அது. ஆகஸ்டு மாதம் ஃபான் லோஸ்ல் என்பவர் அங்கே விழுந்து உயிரையே விட்டார். அதன் பிறகுதான் ஆஹென் மாணவர்களின் முறை வந்தது. பேராசிரியர் சொன்ன "சரி"யின் கனம் இப்போது புரிகிறதல்லவா?

செப்டம்பர் 4. ரப்பர்க் கயிற்றை இழுத்துக்கொண்டு தோழர்கள் சரிவில் ஓடினார்கள். வில்லிலிருந்து அம்பு கிளம்புவதுபோல் கிளெம்பெரர் கிளம்பினார். 2 நிமிஷம் 22 விநாடி. ஏறக்குறைய 1,830 மீட்டர். அவ்வளவுதான். ஆனால் மலைச் சரிவில் மோதி மேலெழும் காற்றை நம்பலாம் என்ற தைரியம் வளர்ந்தது. 1922-இல் ஹன்னோவர் மாணவர் குழுவின் 'வாம்பைர்' அதே மலையில் 3 மணி நேரத்துக்கு மேல் மிதந்தது.

1933-க்குப் பிறகு நாஜிகள் இந்த வித்தையையும் யுத்தத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். யூதரான கார்மான் அதற்கு முன்பே அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தார். 1936-இல் கலிபோர்னியாவில் ஃப்ராங்க் மாலினா என்ற மாணவர், ராக்கெட் செய்து பார்க்க வேண்டும் என்று அவரிடம் வந்து நின்றார். படித்தவர்கள் பலரும் ராக்கெட்டைக் கேலி செய்த காலம். கார்மான் மறுபடியும் "சரி" என்றார். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சிச் சாலைதான் 1958-இல் அமெரிக்காவின் முதல் செயற்கைச் சந்திரனை உருவாக்கியது.

இளைஞர்களின் ஆசைக்குச் சிறகு அவர்களே செய்துகொள்வார்கள். கயிற்றை அறுக்காமல் இருப்பதுதான் பெரியவர்கள் செய்ய வேண்டிய உபகாரம்.