கோல இலக்கணமும் கலைச்சொல் மயக்கமும்

கணிமைக் கோட்பாட்டில் மாணவர் முதலில் எதிர்கொள்வன மொழி, இலக்கணம் என்னும் மொழியியற் சொற்களே. ஆயின் அங்கு மொழி என்பது குறித்தொடர்களின் கணம் மட்டுமே, பொருளுக்கு இடமில்லை. நோம் சோம்சுகி 1956இல் வாக்கியங்களுக்கென ஆராய்ந்த இலக்கண மாதிரிகள் இதற்கு அடிப்படையாயின. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். நரசிம்மன் 1960களில் இம்முறையை உருவங்களுக்கு விரித்தார். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, 1974இல் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்தனர். சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்த, ஒரே வகைக் கோலம் மேன்மேலும் விரியும். நிரை நிரலாகக் குறிகளை ஆக்கும் இதனைக் கணித வழக்கின்படி ‘அணி இலக்கணம்’ எனப் பெயர்த்தால், தமிழ் மாணவர் தண்டியலங்காரத்தையே நினைப்பர். ‘கட்டவரிசை இலக்கணம்’ என்பது அம்மயக்கத்தைத் தவிர்க்கும். மொழியியலிலிருந்து சென்ற சொல்லாயினும், பொருள் மாறித் திரும்புகையில் அதனைப் புதிதாகவே பெயர்த்தல் வேண்டும்.