பால் புட்டி

பால் புட்டி அல்லது பாலூட்டும் புட்டி என்பது, தாய் மார்பில் நேரடியாகப் பால் குடிக்க இயலாத குழந்தைக்குப் பிழிந்தெடுத்த தாய்ப்பாலையோ மாற்றுப்பாலையோ புகட்டப் பயன்படும் கலம் ஆகும். பேச்சு வழக்கில் இது பால் பாட்டில் எனப்படும். புட்டி, அதன் வாயில் பொருத்தப்படும் காம்பு (நிப்பிள்), காம்பை இறுக்கும் வளையம், மூடி ஆகியன இதன் உறுப்புகள். புட்டியின் பக்கத்தில் மில்லி லிட்டர் அளவுக் கோடுகள் குறிக்கப்பட்டிருக்கும்.

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதுமானது என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. தாயின் நோய், குறைப்பிரசவம், தாயின் இறப்பு, தத்தெடுப்பு, தாய் வேலைக்குத் திரும்புதல் போன்ற சூழல்களில் வேறு வழியில் பால் புகட்ட நேர்கிறது. அப்போது இரண்டு இடர்களைக் கருத வேண்டும். ஒன்று, சரியாகக் கழுவப்படாத புட்டியில் வளரும் நோய்க்கிருமிகள். மற்றொன்று, புட்டி செய்யப்பட்ட பொருளிலிருந்து பாலில் கலக்கும் வேதிப்பொருட்கள். முதலாவது சில நாட்களிலேயே குழந்தையின் உயிருக்கு ஊறு செய்யக்கூடியது. இரண்டாவதன் விளைவுகள் நீண்ட காலம் சார்ந்தவை. ஆகவே ஒன்றைத் தவிர்க்க முற்பட்டு மற்றொன்றை மறந்துவிடாதபடி புட்டியைத் தேர்ந்தெடுத்தலும் பயன்படுத்தலும் அமைய வேண்டும்.

வரலாறு

குழந்தைகளுக்குப் பால் புகட்டும் மூக்குடைய மண்கலங்கள் தொல்பழங்காலம் முதல் இருந்து வந்துள்ளன. செருமனியின் பவேரியாப் பகுதியில் வெண்கல, இரும்புக் காலக் குழந்தைகளின் கல்லறைகளில் கிடைத்த இத்தகைய கலங்களில் அசைபோடும் விலங்குகளின் பாலின் எச்சங்கள் இருந்ததாக 2019 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இரப்பர் காம்புக்கான காப்புரிமையை அமெரிக்காவின் எலைசா பிராட் 1845 இல் பெற்றார்.

19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நீண்ட இரப்பர்க் குழாய் பொருத்திய கண்ணாடிப் புட்டிகள் பரவின. குழந்தையைப் படுக்க வைத்துவிட்டுத் தாய் வேறு வேலை பார்க்க முடிந்ததால் இவை விரும்பி வாங்கப்பட்டன. ஆனால் குழாயின் உட்புறத்தைக் கழுவ இயலாததால் அதில் கிருமிகள் பெருகிக் குழந்தைகள் பலர் இறந்தனர். ஆங்கிலத்தில் இவற்றுக்குக் 'கொலைப் புட்டி' என்னும் பெயரே ஏற்பட்டது. பிரான்சு நாடு 1910 இல் இத்தகைய புட்டிகளைச் சட்டத்தால் தடை செய்தது. கை நுழையாத, தேய்த்துக் கழுவ முடியாத புட்டி ஆபத்தானது என்பதே இந்த வரலாறு தரும் பாடம் ஆகும்.

20 ஆம் நூற்றாண்டில் வெப்பம் தாங்கும் கண்ணாடிப் புட்டிகளும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எடை குறைந்த, உடையாத நெகிழிப் புட்டிகளும் வழக்கிற்கு வந்தன.

பாலாடையும் சங்கும்

தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பால் புகட்டப் பாலாடை அல்லது சங்கு எனப்படும் கலம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஒரு பக்கம் நீண்ட மூக்குடைய சிறு கிண்ணம் போன்ற இது வெள்ளியிலும் எவர்சில்வரிலும் கிடைக்கிறது. இதில் காம்போ குழாயோ திருகு வளையமோ இல்லை. உட்புறம் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதால் கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. நெகிழி சார்ந்த வேதிப்பொருட்களுக்கும் இடமில்லை.

எடை குறைந்து பிறந்து, தாய் மார்பில் குடிக்க இயலாத குழந்தைகளுக்கு வேறு வழியில் வாய்வழிப் பால் தர நேர்ந்தால், கிண்ணம், பாலாடை அல்லது கரண்டியால் புகட்ட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2011 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. புட்டிக் காம்பில் குடித்துப் பழகிய குழந்தை மார்பில் வாய் வைத்துக் குடிக்கத் தயங்கக்கூடும். பாலாடையில் உறிஞ்சுகாம்பு இல்லாததால் பின்னர்த் தாய்ப்பாலுக்குத் திரும்புவது எளிதாகும் எனக் கருதப்படுகிறது.

பாலாடையால் புகட்டும்போது குழந்தை விழித்திருக்க வேண்டும். தலை உயர்ந்திருக்கும்படி சாய்வாக வைத்து, மூக்கை உதட்டோரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். குழந்தை விழுங்குமுன் மேலும் ஊற்றினால் புரையேறும். பழைய பித்தளைச் சங்குகளில் களிம்பு ஏறும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

புட்டி செய்யப்படும் பொருட்கள்

கண்ணாடி: வெப்பம் தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி பாலுடன் வினைபுரிவதில்லை, கொதிக்க வைப்பதால் தேய்வதில்லை. எடை மிகுதியும் உடையும் தன்மையும் இதன் குறைகள். விளிம்பு உடைந்த புட்டியைப் பயன்படுத்தக் கூடாது.

எவர்சில்வர்: உடையாதது, கீறல்களால் பெரிதும் கெடாதது. உள்ளே எவ்வளவு பால் உள்ளது என்பது வெளியே தெரியாது.

பாலிபுரோப்பிலீன்: இன்று மிகுதியாக விற்கப்படும் நெகிழிப் புட்டிகள் இதனால் ஆனவை. முக்கோணக் குறியீட்டினுள் 5 என்னும் எண் இதனைக் குறிக்கும். இதன் தயாரிப்பில் பிஸ்பினால் ஏ பயன்படுவதில்லை.

பாலிகார்பனேட்: கண்ணாடி போல் தெளிவான, கடினமான நெகிழி. பிஸ்பினால் ஏ என்னும் சேர்மத்திலிருந்து செய்யப்படுவது. இது 'பிற' நெகிழிகளுக்குரிய 7 என்னும் எண்ணின் கீழ் வரும். 7 எனக் குறிக்கப்பட்ட நெகிழிகள் எல்லாம் பாலிகார்பனேட் அல்ல.

காம்பு: சிலிக்கோன் அல்லது இயற்கை இரப்பரால் செய்யப்படும். இரப்பர் விரைவில் ஒட்டும் தன்மை பெற்று உப்பும். இரப்பர்க் காம்புகளில் நைட்ரோசமைன் என்னும் தீங்கான சேர்மங்கள் வெளியாகக் கூடும் என்பதால் ஐரோப்பாவில் 1993 முதல் அவற்றுக்கு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. வெடித்த, நிறம் மாறிய, மென்மையாகிப் போன காம்பை உடனே மாற்ற வேண்டும்.

பிஸ்பினால் ஏ

பிஸ்பினால் ஏ (சுருக்கமாகப் பிபிஏ) 1891 இல் உருசிய வேதியியலாளர் அலெக்சாண்டர் தியானினால் முதன்முதலில் உருவாக்கப்பட்டது. இது பெண்மை இயக்குநீரான ஈசுட்ரோசனைப் போலச் செயல்படக்கூடியது என்பதை 1930களில் சார்லசு டாட்சு கண்டறிந்தார். பின்னர் 1950களில் பாலிகார்பனேட் நெகிழி உருவாக்கப்பட்டபோது அதன் மூலப்பொருளாகப் பிபிஏ பயன்பட்டது. சூடான நீர்மங்கள், திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தல், கீறல் விழுந்து தேய்தல் ஆகியவற்றால் பாலிகார்பனேட்டிலிருந்து பிபிஏ கசிவது கூடுகிறது. எடையுடன் ஒப்பிடும்போது பெரியவர்களை விடக் குழந்தைகள் மிகுதியாகப் பால் அருந்துவதால், அவர்கள் பெறும் அளவும் மிகுதி.

கனடா 2010 இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2011 இலும் பாலிகார்பனேட் பால் புட்டிகளைத் தடை செய்தன. அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2012 இல் இதற்கான அனுமதியை விலக்கிக் கொண்டது. தயாரிப்பாளர்கள் ஏற்கனவே அதனைக் கைவிட்டுவிட்டனர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். 2023 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க பிபிஏ அளவை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு குறைத்தது.

'பிபிஏ இல்லாதது' என்னும் சொற்றொடர் அந்த ஒரு சேர்மம் இல்லை என்பதை மட்டுமே குறிக்கும். சில பொருட்களில் அதற்குப் பதிலாகப் பயன்படும் பிஸ்பினால் எசு போன்றவை வேதியியல் அமைப்பில் அதனை ஒத்தவை. 'வேதிப்பொருள் அற்ற புட்டி' என்பதும் துல்லியமான சொல் அன்று. எப்பொருளால் ஆனது, எத்தரத்திற்கு உட்பட்டது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

நுண்நெகிழித் துகள்கள்

பாலிபுரோப்பிலீன் புட்டிகளில் பிபிஏ இல்லை எனினும் அவை முற்றிலும் மாற்றமின்றி இருப்பவை அல்ல. அயர்லாந்தின் டப்ளின் திரித்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுப்பால் தயாரிக்கும் வழக்கமான முறையைப் பின்பற்றியபோது இப்புட்டிகள் ஒரு லிட்டருக்கு 1.62 கோடி வரையிலான நுண்நெகிழித் துகள்களை வெளியிட்டன. நீரின் வெப்பம் கூடக் கூடத் துகள்களின் எண்ணிக்கையும் கூடியது. இத்துகள்களால் குழந்தைகளுக்கு என்ன தீங்கு நேரும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

இதில் ஒரு முரண் உள்ளது. பால்மாவில் இருக்கக்கூடிய குரோனோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களைக் கொல்ல, 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரில் மாவைக் கலக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. துகள்களுக்கு அஞ்சி வெதுவெதுப்பான நீரில் கலந்தால் கிருமிகள் தப்பும். கொதிக்க வைத்துத் தூய்மையாக்கிய எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கலத்தில் வெந்நீரில் மாவைக் கலந்து, ஆறிய பின் புட்டியில் ஊற்றுவதே இரண்டையும் நிறைவு செய்யும் வழி. நெகிழிப் புட்டியைக் கொதிக்க வைத்த பின், கொதித்து ஆறிய நீரால் மூன்று முறை அலசுவதும் துகள்களைக் குறைக்கும். நுண்ணலை அடுப்பில் நெகிழிப் புட்டியைச் சூடாக்கக் கூடாது.

இந்தியச் சட்டமும் தரமும்

உலக சுகாதாரப் பேரவை 1981 இல் ஏற்றுக்கொண்ட தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனை பற்றிய பன்னாட்டு நெறியைத் தழுவி, இந்தியாவில் குழந்தைப் பால் மாற்றுகள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் சட்டம் 1992 இல் இயற்றப்பட்டது. இது 1993 ஆகத்து 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003 இல் திருத்தப்பட்டது. இதன் முதன்மைக் கூறுகள்:

- பால் புட்டிகளுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. மின்னணு வழி விளம்பரமும் இதில் அடங்கும்.
- இலவச மாதிரிகளோ பரிசுகளோ தந்து தாய்மாரைத் தூண்டக் கூடாது.
- மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் புட்டிகளை முன்னிறுத்தும் சுவரொட்டிகளை வைக்கக் கூடாது.
- மருத்துவப் பணியாளர்களுக்கு இதற்காகப் பணமோ பொருளோ தரக் கூடாது.
- புட்டிகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்திற்கு ஏற்பவும் அதன் முத்திரையுடனும் இருக்க வேண்டும்.

விளம்பரத் தடை போன்றவற்றை மீறுவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் காம்பையும் புட்டியின் பகுதியாகவே கொள்கிறது.

நெகிழிப் பால் புட்டிகளுக்கான தரம் ஐ. எசு. 14625 ஆகும். 2015 இல் திருத்தப்பட்ட இத்தரம் பாலிகார்பனேட்டையும் பிபிஏவையும் விலக்குகிறது. ஆகவே இந்தியாவில் முறையாக முத்திரை பெற்ற நெகிழிப் புட்டி எதுவும் பிபிஏ இல்லாததாகவே இருக்க வேண்டும். அட்டையில் அச்சிடப்பட்ட 'பிபிஏ இல்லாதது' என்னும் சொல்லை விட ஐ. எசு. ஐ. முத்திரையே நம்பத்தக்க அடையாளம் ஆகும். முத்திரையுடன் உரிம எண்ணும் இருக்கும், அமைவனத்தின் 'பி. ஐ. எசு. கேர்' செயலியில் அவ்வெண்ணை இட்டுச் சரிபார்க்கலாம்.

தேர்ந்தெடுத்தலும் தூய்மையும்

- அகன்ற வாயும், மூலை முடுக்கற்ற உட்புறமும் கொண்ட புட்டியே கழுவ எளிது.
- ஐ. எசு. ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இல்லாத புட்டியை வாங்கக் கூடாது.
- கீறல் விழுந்த, மங்கிய நெகிழிப் புட்டியை மாற்ற வேண்டும். பிறர் பயன்படுத்திய பழைய நெகிழிப் புட்டியைப் பெறுவது நன்றன்று. அது 2015க்கு முற்பட்டதாகவும் இருக்கலாம்.
- ஒவ்வொரு முறையும் புட்டியின் பகுதிகளைக் கழற்றி, சோப்பு நீரில் தூரிகையால் தேய்த்து அலசி, நீரில் முழுதும் மூழ்கும்படி கொதிக்க வைக்க வேண்டும்.
- அறை வெப்பத்தில் இருந்த மாற்றுப்பால் இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படவில்லை எனில் கொட்டிவிட வேண்டும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை மீண்டும் தரக் கூடாது.

கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் கொதிக்க வைத்தால் புட்டியில் வெண்ணிற உப்புப் படியும். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவினால் இது நீங்கும்.

மதுரையில்

வெப்பம் மிகுந்த ஊர்களில் புட்டிப் பால் விரைவில் கெடுகிறது. மதுரை இதற்கு எடுத்துக்காட்டாகும். நகரின் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் போன்ற ஊர்களுக்குப் பேருந்துகள் புறப்படுகின்றன. கோடையில் கைக்குழந்தையுடன் பல மணி நேரம் செல்லும் பயணத்தில், காலையில் கலந்து எடுத்துச் சென்ற பால் நண்பகலில் நச்சாகிவிடலாம். பிழிந்தெடுத்த தாய்ப்பால் 25 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். மதுரைக் கோடையில் அதனினும் குறைவு. மாற்றுப்பால் தவிர்க்க முடியாத போது, கொதித்த நீரைக் குடுவையிலும் மாவைத் தனிக் கலத்திலும் எடுத்துச் சென்று அவ்வப்போது கலப்பதே பாதுகாப்பானது.

பயணத்தில் புட்டியை நாடுவதற்குப் பொது இடத்தில் பாலூட்டும் கூச்சமும் ஒரு காரணம். இதனைக் களைய, தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 350க்கும் மேற்பட்ட தாய்மார் பாலூட்டும் அறைகள் 2015 ஆகத்தில் திறக்கப்பட்டன.

தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்குப் பிற தாய்மார் வழங்கும் பாலைச் சூடேற்றித் தூய்மைப்படுத்தி அளிக்கும் தாய்ப்பால் வங்கிகளும் உள்ளன. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் 2014 இல் இவ்வங்கிகள் அமைந்தன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அவற்றுள் ஒன்று. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு மாற்றுப்பாலின் தேவையையே இவை குறைக்கின்றன.

இவற்றையும் பார்க்க

- தாய்ப்பால்
- பாலாடை
- தாய்ப்பால் வங்கி
- பிஸ்பினால் ஏ
- இந்தியத் தர நிர்ணய அமைவனம்