பாலாற்றுப் படுகை ஈமக் கலங்கள்

உத்திரமேரூரை ஒட்டிய பாலாறு, செய்யாற்றுப் பகுதியிலும் அதன் கிழக்கேயும் இரும்புக்காலக் கல்லறைகளில் கிடைக்கும் மட்கலங்கள். இக்கல்லறைகள், கற்களை வட்டமாக நட்டு, நடுவே கற்குவியலிட்டு மூடிய குழிகள். மதுராந்தகம் அருகேயுள்ள சாணூரில் என். ஆர். பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வு இக்கலங்களை அறிய முதன்மைச் சான்று.

எலும்புகளை இட்ட சுடுமண் ஈமப்பேழை, தொட்டி வடிவில் வரிசையாகக் கால்கள் பொருத்திச் செய்யப்பட்டது. அதனுடன் கிண்ணம், தட்டு, மூடி, பிரிமனை, இரும்புக் கருவிகள் வைக்கப்பட்டன. கிண்ணங்கள் பெரும்பாலும் கறுப்பு-சிவப்பு வகை: உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. சூளையில் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கறுத்ததே இதற்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றிய நேர்த்தி வியக்கத்தக்கது. அடுப்புக் கரி படிந்த சமையல் பானையைவிட, உண்ணவும் பருகவும் உதவும் கலங்களே இறந்தவருக்கு மிகுதியாகப் படைக்கப்பட்டன.

ரோமானிய மதுச்சாடியான ஆம்போராவின் துண்டுகள் பாலாற்று முகத்துவாரத்து வசவசமுத்திரத்தில் கிடைத்துள்ளன. ஆனால் அது கல்லறையன்று, மக்கள் வாழ்ந்த வணிகக் குடியிருப்பு. ஆகவே இப்பகுதி ஈமக்கலங்களை ரோமானியப் பொருள்களாகக் கருதுவது பிழை. அவை உள்ளூர்க் குயவர் வனைந்தவை.