சீனத்து நீர்வழியில் இப்னு பதூதா

திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர்க் கழிமுகம் நோக்கிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயை இன்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்க வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்பார் எண்ணூர் வரை வெட்டுவித்த இந்நீர்வழி, பின்னர் பழவேற்காடு கடந்து ஆந்திரக் கரை வரை நீண்டது. விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் இதன் வழியே பட்டணம் வந்து சேர்ந்தன. 1856இல் இராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்ட பின்னும் தோணிகள் நிற்கவில்லை. ஆனால், வெட்டுகால்வாயும் ஆறும் சாலையுமாக ஒரு பேரரசையே ஊடுருவிச் சென்ற பயணம் ஒன்றை இதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே அரபு மொழியில் எழுதி வைத்துள்ளனர். அதைச் சொன்னவர், நம் மஅபர் மண்ணில் நடமாடிய இப்னு பதூதா.

ஹிஜ்ரி 703இல் (கி.பி. 1304) தஞ்சா நகரில் பிறந்த இவர், தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனம் நோக்கி 1342இல் புறப்பட்டார். கோழிக்கோட்டுக் கடலில் மரக்கலங்கள் சிதைந்தன. மாலத்தீவிலும் இலங்கையிலும் அலைந்து, ஈற்றில் சோழமண்டலக் கரையில் ஒதுங்கினார். அப்பொழுது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன், இவருக்குச் சகலர். உறவு முறை கருதி அவர் செய்த கொடுமைகளை இப்னு பதூதா மறைக்கவில்லை. பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதை வெளிப்படையாகக் கண்டித்தே எழுதினார். மதுரையைச் சூறையாடிய கொள்ளைநோயையும், அதில் சுல்தானின் தாயும் மகனும் மாண்டதையும் அவர் எழுத்தாலேயே அறிகிறோம்.

பிறகு வங்கம், சுமத்ரா வழியாகச் சீனத்தின் ஸைத்தூன் துறையில், அதாவது இன்றைய சுவான்சௌவில், இறங்கினார். பெயர் ஸைத்தூன், ஊரில் ஒலிவமரம் ஒன்றுகூட இல்லை என்று அவரே வியக்கிறார். ‘த்ஸிதூங்’ என்னும் சீனச் சொல்லின் திரிபே அது என அறிஞர் பலர் கொள்வர். அச்சொல் குறிக்கும் மரம், நம் வேலிகளில் சிவப்பாய்ப் பூக்கும் கல்யாண முருங்கை! அந்நகரில் ஹிஜ்ரி 400இல் எழுந்த பள்ளிவாசலின் கல்வாயில் இன்றும் நிற்கிறது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அங்கே கிடைத்துள்ளது. அது சிவன் கோயிலைச் சார்ந்தது. ஆக, இப்னு பதூதா கால்வைக்கு முன்பே தமிழர் அத்துறையில் இருந்தனர். அவரை அங்கு வரவேற்றவருள் ஷரஃபுத்தீன் தப்ரீஸி என்னும் வணிகரும் ஒருவர். இந்தியா வந்த புதிதில் இப்னு பதூதா கடன் வாங்கியது இவரிடந்தான்! கடன் கொடுத்தவரைக் கண்டு மகிழ்ந்த பயணிகள் வரலாற்றில் மிகச் சிலரே.

சீனத்தில் அவர் மேற்கொண்ட பயணம் பெரும்பாலும் படகிலேயே. நண்பகலில் ஓர் ஊரில் படகைக் கட்டி, வேண்டியன வாங்கி, லுஹர் தொழுது, மாலையில் அடுத்த ஊரில் தங்குவர். சாலை வழிச் செல்வோர்க்கு ஒவ்வொரு தங்கலிலும் ‘ஃபுந்துக்’ எனும் விடுதி உண்டு. மாலையில் அதிகாரி வந்து தங்குவோர் பெயர்களை எழுதி முத்திரையிட்டுக் கதவைப் பூட்டுவார். காலையில் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்த்து, அடுத்த விடுதி வரை ஆளும் அனுப்புவார். யாவரும் நலமாகச் சேர்ந்தனர் என அங்கிருந்து சான்றுச் சீட்டு திரும்பி வரவேண்டும். பெரும் பொருளுடன் ஒருவன் ஒன்பது மாதம் தனியே சென்றாலும் அஞ்ச வேண்டியதில்லை என்று அவர் மெச்சுகிறார். இப்பாதுகாப்பின் மறுபக்கமும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கடைத்தெருவில் போய்த் திரும்புமுன் தம் உருவமும் தோழர் உருவங்களும் தாளில் வரையப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. அயலான் குற்றம் செய்து ஓடினால் பிடிப்பதற்காகவாம்!

காகிதப் பணத்தையும், கரிக்குப் பதிலாக எரிக்கப்படும் மண்கட்டியையும் கண்டு அவர் வியந்தார். எண்ணூரில் கப்பல் கப்பலாக இறங்கும் நிலக்கரியைக் காணும் நமக்கு அவ்வியப்பு புதுமையாகத் தோன்றும்.

இனி, ஒரு வழக்கு. இவர் சீனம் சென்றதே பொய் என வாதிட்ட மேலைநாட்டு ஆய்வாளர் உளர். இவர் சொன்ன எழுத்தெல்லாம் உண்மை என மேடையில் முழங்குவோர் நம்மிடையே உளர். இரு சாராரையும் நாம் ஏற்கவில்லை. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு வழி தெரியும்: அறிவிப்பாளரை மட்டுமன்று, ஒவ்வோர் அறிவிப்பையும் தனித்தனியே எடை போடவேண்டும்.

கான்பாலிக் எனப்படும் பீஜிங்கில் பேரரசர் கொல்லப்பட்டு அடக்கப்பட்டதாக அவர் கூறுகிறார். அப்பொழுது ஆண்ட தோகன் தெமூரோ 1368 வரை சீனத்தை ஆண்டவர். தலைநகரிலிருந்து தென்கோடி வரை ஒரே ஆறு ஓடுவதாகவும் கூறுகிறார். அப்படி ஓர் ஆறு இல்லை. ஹாங்சௌவிலிருந்து வடக்கே செல்வது, குப்லாய் கான் காலத்தில் பீஜிங் வரை இணைக்கப்பட்ட பெருங்கால்வாய். தெற்கேயோ மலை தாண்டித் தரைவழி சென்றாக வேண்டும். ஆதலின் பீஜிங் பகுதி செவிவழிச் செய்தி என்றே எமக்குப் படுகிறது. ஸைத்தூனும் கான்டனும் அப்படியல்ல. கான்டனில் யஃஜூஜ் மஃஜூஜ் சுவரைப்பற்றி விசாரித்தபோது, அதைக் கண்டவரையோ, கண்டவரைக் கண்டவரையோ தாம் சந்திக்கவில்லை என்று எழுதுகிறார். கதை கட்டுபவர்க்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ‘நான் ஏறிப் பார்த்தேன்’ என்றிருக்கலாமே!

இவ்வளவு வாதம் ஏன் எனில், மதுரை சுல்தான்களின் வரலாற்றுக்கு நாணயங்களும் சில கல்வெட்டுகளும் நீங்கலாக, நேரில் கண்டவராக எஞ்சும் பெருஞ்சாட்சி இவரே. சீனத்தில் இவர் பொய்யர் எனத் தள்ளினால், மதுரையில் இவர் சொல்லை எம்முகத்தோடு எடுத்தாள்வது? அங்கே கண்மூடி நம்பினாலோ, இங்கும் எடைபோடும் உரிமையை இழப்போம்.

சீனம் செழிப்பான நாடாயினும் தம் மனம் அங்கு ஒட்டவில்லை. வெளியே சென்றால் வெறுப்புத் தோன்றியதால் வீட்டினுள்ளேயே இருந்தேன் என்கிறார். விருந்தோம்பிய நாட்டைப் பற்றி இது சற்றுக் கடுமையே. ஆயினும் அத்தனிமையை அறிந்தால்தான் கன்ஜன்ஃபூவில் நிகழ்ந்தது விளங்கும். செல்வச் செழிப்புள்ள ஃபகீஹ் ஒருவர் ஸலாம் கூறி உள்ளே வந்தார். பேச்சு வளர, அவர் மொராக்கோவின் சப்தா நகரத்து அல்-புஷ்ரீ எனத் தெரிந்தது. தஞ்சாவுக்கு அண்டை ஊர். அவர் அழுதார், இவரும் அழுதார். மீசை முளைக்காத இளைஞராக அவரை இவர் முன்பு தில்லியிலும் கண்டிருந்தார். சில ஆண்டுகட்குப் பின் சஹாராவின் விளிம்பில், ஸிஜில்மாஸா நகரில், இப்னு பதூதா ஒருவர் வீட்டில் தங்கினார். அவ்வீட்டுக்காரர் அந்த அல்-புஷ்ரீயின் உடன்பிறந்தார்.