கடலடியில் விரித்த பாய்

கடற்கரையில் கணுக்கால் நனைய நின்றிருக்கும் எவரும், அலை திரும்பிப் போகும் சமயத்தில் குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் நழுவுவதை உணர்ந்திருப்பார்கள். பாதத்தைச் சுற்றிச் சிறு பள்ளம் விழுகிறது. கால் அதற்குள் புதைகிறது. அடுத்த அலை வந்து அதை இன்னும் சற்று ஆழமாக்கிவிட்டுப் போகிறது. குழந்தைகளுக்கு விளையாட்டாயிருக்கும் இந்த நிகழ்ச்சியே, கடலுக்குள் தூணும் அணையும் எழுப்பத் துணிந்த மனிதர்களுக்கு வெகுகாலமாகப் பெரும் பீதியாக இருந்துவந்திருக்கிறது. ஓடும் நீருக்குக் குறுக்கே ஒரு தூண் நின்றால், அதன்மேல் மோதும் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையைத் தொட்டதும் சுருண்டு, குதிரை லாடம் போலத் தூணின் இருபுறமும் வளைந்து ஓடுகிறது. அந்தச் சுழல் கிளப்பிவிடும் மணலைப் பக்கங்களில் விரையும் பிரவாகம் வாரிக்கொண்டு போகிறது. மணற்படுகையில் நட்ட உருளைத் தூணைச் சுற்றி, ஓயாத நீரோட்டம் அந்தத் தூணின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்குப் பள்ளம் பறிக்கும் என்பது இக்காலத்து நிபுணர்களின் கணக்கு.

இந்த அரிப்போடு தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பாடம் கற்றவர்கள் நெதர்லாந்து தேசத்து ஜனங்கள். அவர்களுடைய கடலோரத்தில் அஸ்திவாரத்துக்கு ஆதாரமாகப் பாறை கிடையாது. தோண்டத் தோண்ட மணலும் களிமண்ணுமே. வெறும் கல்லைக் கொட்டினாலோ, இடுக்குகளின் வழியே நீர் மணலை உறிஞ்சி எடுக்க, கல் மெள்ள மெள்ளப் புதைந்து மறைந்துவிடும். ஆகவே கல்லுக்கும் மணலுக்கும் நடுவே, நீரை விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும் ஒரு விரிப்பு வேண்டியிருந்தது. அந்த விரிப்பை அவர்கள் வில்லோ மரத்தின் விளார்களைக் கொண்டு முடைந்தார்கள். ‘ஸிங்க்ஸ்டுக்’, அதாவது அமிழ்த்தும் துண்டு, என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர்.

அதை முடையும் விதம் பார்க்கத் தகுந்தது. ஓதம் வற்றிய சேற்றுத் திட்டில், விளார்களை நீண்ட கட்டுகளாக இறுகக் கட்டி, ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாகப் பரப்பி, கட்டுகள் சந்திக்கும் முடிச்சுகளிலெல்லாம் கயிற்றின் நுனியை மேலே நீட்டிவிட்டிருப்பார்கள். அதன்மேல் தளர்விளார்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே அடுக்கி, மேலும் ஒரு கட்டு வரிசையைப் பரப்பி, கீழிருந்து வந்த கயிற்றால் யாவற்றையும் இழுத்து முடிவார்கள். கல் உருளாமலிருக்க மேற்பரப்பில் சிறு வேலிகளும் பின்னப்படும். பிறகு ஓதம் ஏறியதும் வயல் போன்ற அந்த மெத்தை தானே மிதக்கும். அதை உரிய இடத்துக்கு இழுத்துச் சென்று, நீரோட்டம் ஓய்ந்து திரும்புகிற அந்தச் சொற்ப நேரத்துக்குள், பக்கத்துப் படகுகளிலிருந்து கல்லை வாரிப் போட்டு அமிழ்த்திவிட வேண்டும். தருணம் தப்பினால் பல நாள் பிரயாசை பிரவாகத்தோடு போகும்.

இந்த மெத்தையின் விசேஷ குணம் அதன் வளைந்துகொடுக்கும் தன்மை. அது அரிப்பை அடியோடு ஒழிப்பதில்லை. மெத்தை எங்கே முடிகிறதோ அங்கே பள்ளம் விழத்தான் செய்யும். ஆனால் விளிம்பு உடையாமல் அந்தப் பள்ளத்துக்குள் மடிந்து சரிந்து, அதன் சரிவையே போர்த்திக்கொள்கிறது. அஸ்திவாரத்தின் காலடியில் விழவேண்டிய குழியைத் தீங்கு செய்யாத தூரத்துக்குத் தள்ளிவைப்பதே இந்தக் கைத்தொழிலின் தத்துவம்.

விளார் விளைந்த இடத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1421-ஆம் ஆண்டு புனித எலிசபெத் திருநாளையொட்டி வந்த பெருவெள்ளத்தில் மூழ்கிப்போன விளைநிலங்களின்மேல், ஓதமும் வண்டலும் சேர்ந்து பீஸ்போஸ் என்ற சதுப்புக்காட்டை உண்டாக்கின. அங்கே வளர்க்கப்பட்ட வில்லோக்களை, இலையுதிர்ந்த பனிக்காலத்தில், ஈரக் குடிசைகளில் தங்கிய ஏழைக் கூலியாட்கள் வெட்டிக் கட்டினார்கள். தண்ணீர் விழுங்கிய நிலத்தில் முளைத்த கிளைகளே தண்ணீரிடமிருந்து ஏனைய நிலங்களைக் காக்கப் போயின என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

இந்த வித்தை கடல் கடந்தும் சென்றது. 1873-இல் ஜப்பானுக்குச் சென்ற யோஹானிஸ் டி ரைக்கே என்ற பொறியாளர், யோடோ நதி முதலிய இடங்களில் விளார் மெத்தைகளைப் பயன்படுத்தி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். தாய்நாட்டிலோ, 1932-இல் ஸைடர்ஸே வளைகுடாவை மூடிய 32 கிலோமீட்டர் நீள அணைக்கும் அதே மெத்தைகள் துணை நின்றன. அணை நீள நீள, எஞ்சிய திறப்பு குறுக, அதன் வழியே புகும் ஓதத்தின் வேகமும் அரிப்பும் வளர்ந்தன. படுகையை முன்கூட்டிப் போர்த்தியிராவிட்டால் கடைசித் திறப்பை மூடியிருப்பது அரிது.

1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு தொடங்கிய புயல்வெள்ளத்தில் நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டார்கள். அதற்குப்பின் எழுந்த டெல்டா நிர்மாணங்கள் என்ற வெள்ளத்தடுப்பு வேலைகளில் மிகக் கடினமானது கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்துத் தடுப்பணை. கழிமுகத்தை அடியோடு அடைத்துவிடுவதாகத்தான் முதலில் திட்டம். கிளிஞ்சல் வளர்ப்போரும் மீனவரும் இயற்கையைப் பேணுவோரும் எதிர்த்ததன் பயனாக, நாள்தோறும் ஓதம் வந்துபோக வழிவிட்டு, புயல் காலத்தில் மட்டும் மூடும் அணையாக அது மாற்றப்பட்டது. திறந்திருக்கும் அணை என்றால் அரிப்புக்கும் ஓய்வில்லை. ஒவ்வொன்றும் 18,000 டன் வரை எடையுள்ள 65 தூண்களை மணலின்மேல் நிறுத்துவதற்கு, பழைய விளார் மெத்தையின் யுக்தியே பிரம்மாண்ட ரூபத்தில் திரும்பி வந்தது. செயற்கை இழைத் துணிகளுக்கிடையே மணலும் சரளையும் பொதிந்து, 200 மீட்டர் நீளமும் 42 மீட்டர் அகலமும் 36 சென்டிமீட்டர் கனமும் உள்ள பாய்கள் தயாராயின. கார்டியம் என்ற கப்பல் அவற்றைச் சுருளாக எடுத்துச் சென்று கடலடியில் விரித்தது. ஓஸ்ட்ரேயா என்ற கப்பல் தூண்களைத் தூக்கி வந்து வைத்தது. இரண்டுமே அந்தக் கழிமுகத்துச் சிப்பி வகைகளின் பெயர்கள். 1986 அக்டோபர் 4-ஆம் தேதி அரசி பேயாட்ரிக்ஸ் அணையைத் திறந்துவைத்தார்.

அன்றோடு வேலை முடிந்துவிடவில்லை. அணையின் இருபுறமும் ஏறத்தாழ 600 மீட்டர் தூரத்துக்குப் படுகை போர்த்தப்பட்டிருக்கிறது; அந்தப் போர்வை முடியும் இடத்தில், விளார் மெத்தை முடைந்த முன்னோர் அறிந்திருந்தபடியே, பள்ளங்கள் விழுந்தன. கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சில இறங்கிவிட்டன. கப்பல்கள் அவற்றை இடைவிடாமல் அளக்கின்றன. சரிவு செங்குத்தாகும் இடங்களில் கல் கொட்டப்படுகிறது. வட கடலில் இன்று நிற்கும் காற்றாலைத் தூண்கள் பலவற்றின் காலடியிலும் முதலில் பொடிக்கல், அதன்மேல் பெருங்கல் என்று இதே முறையில் அடுக்கு விரிக்கிறார்கள். குழியை ஓர் எட்டுத் தள்ளிவைக்கலாம், தள்ளிவைத்த குழிக்குக் காவல் இருக்கலாம்; சேற்றுத் திட்டில் விளார் முடைந்தவர்கள் கடலிடம் கேட்டது அவ்வளவே, கடல் கொடுத்ததும் அவ்வளவே. அந்த அளவான வரத்தைக் கொண்டுதான் ஒரு தேசமே அச்சமின்றி உறங்குகிறது.